தைம் டீயும் சிவப்பு மாத்திரையும்

சாலம்மாள் வாயைத் திறந்தால் மரக்காணம் பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கேட்கும் என்று உப்பளத்து ஆட்கள் சொல்வார்கள். கொஞ்சம் மிகைதான். ஆனால் அவள் கடைக்கு எதிர்வீட்டில் இருபது வருஷமாகக் குடியிருக்கிறேன். அந்தக் குரலைக் கேட்டுத்தான் என் பொழுது விடிகிறது. என் பெயர் சகாயமேரி. பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். எனக்கும் கோபம் வரும், கத்துவேன், ஓய்ந்துபோவேன். அவளுக்கு அப்படியில்லை. காலையில் வந்த கோபம் சாயங்காலம் கடை சாத்தும்போதும் சூடாகவே இருக்கும்.

உப்பளத்துக்குப் போகிற மண் ரோட்டில் கீற்றுக் கொட்டகை போட்டு, இரண்டு பெஞ்சு வைத்து இட்லிக் கடை நடத்துகிறாள். உப்பு வாருகிறவர்கள் வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் வேலையை முடிக்க வேண்டும். அதனால் விடிவதற்கு முன்பே அவள் கடையில் ஆள் நிற்கும். இட்லி கல் மாதிரி இருக்கிறது என்று யாராவது சொன்னால், "கல்லுன்னா கடிச்சித் துப்பு, வேற தட்டு கெடையாது" என்பாள். சொன்னவன் மறுநாளும் வந்து அதே பெஞ்சில் உட்காருவான். கலியாணமான மூன்றாம் வருஷமே அவள் புருஷன் வேறொருத்தியோடு போய்விட்டான். அம்மாவும் செத்துப்போனதால், தம்பி கலியபெருமாளை இவள்தான் வளர்த்தாள். இவள் திட்டாத ஒரே ஆள் அவன் என்று ஊர் சொல்லும். அதுவும் மிகைதான். அவனைக் கொஞ்சம் குறைவாகத் திட்டினாள்.

இந்தக் கடைக்கு மாத்திரை வந்த கதையைச் சொல்ல வேண்டும். டிபி வந்தவர்கள் மாத்திரையை இன்னொருவர் கண்ணெதிரே முழுங்க வேண்டும் என்பது ஏற்பாடு. ஆஸ்பத்திரி திறக்கிற நேரத்தில் உப்பளத்துக்காரன் பாத்தியில் நிற்பான். அதனால் சுகாதார ஆய்வாளர் ஒருவர் சாலம்மாளைத் தேடி வந்தார். "ஊர்ல மொதல்ல அடுப்பு பத்த வைக்கிறது நீங்கதாம்மா. மாத்திரை டப்பா உங்ககிட்டயே இருக்கட்டும்" என்றார்.

"முழுங்கலன்னா அடிக்கலாமா சார்?"

"அடிக்கக் கூடாதும்மா."

"அப்போ திட்றேன்" என்று டப்பாவை வாங்கி உள்ளே வைத்தாள்.

முதல் ஆள் ஜான்சன். எங்கள் கோயிலுக்கு வருகிற பையன், நல்ல உழைப்பாளி. அது இரண்டாயிரத்து நாலு. இட்லி தின்றதும் மாத்திரையை முழுங்க வைத்து, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் சாலம்மாள் அவனை அனுப்புவாள். அந்தச் சிவப்பு மாத்திரைக்கு ஒரு குணம் உண்டு. சாப்பிட்ட அன்று மூத்திரம் சிவப்பாகப் போகும். வேறு எங்கேயாவது என்றால் ஒரு புதர், ஒரு சுவர் இருக்கும். உப்பளத்தில் என்ன இருக்கிறது? கண்ணுக்கு எட்டிய வரைக்கும் தண்ணீரும் வெள்ளை வரப்பும்தான். ஒருத்தன் ஒதுங்கினால் நூறு பேருக்குத் தெரியும். வெள்ளை உப்புமேல் சிவப்பாகப் போனதை ஒருத்தன் பார்த்தான். சாயங்காலத்துக்குள் அவனுக்கு டிபி என்று உப்பளம் முழுக்கப் பேச்சாகிவிட்டது.

மேஸ்திரி அர்ச்சுனன் ஜான்சனைப் பாத்திக்கு வெளியே நிறுத்திவிட்டார். "ஜனங்க சாப்புடுற உப்புப்பா. நீ கால வைக்காத" என்றார். அவ்வளவுதான், வேலை போயிற்று. மருந்து சாப்பிட ஆரம்பித்துக் கொஞ்ச காலம் போனால் அந்த நோய் அடுத்தவனுக்கு ஒட்டாது என்று ஆய்வாளர் வந்து தலைதலையாக அடித்துக்கொண்டார். மேஸ்திரி கேட்டுக்கொண்டே வெற்றிலை மென்றார். ஜான்சன் பாண்டிச்சேரிப் பக்கம் கொத்து வேலைக்குப் போனான். அங்கே ஒரு ஆஸ்பத்திரியில் மிச்ச மாத்திரையையும் முழுங்கி முடித்துவிட்டு, இன்றைக்கும் கல்லுக் குண்டாட்டம் இருக்கிறான். துரத்தப்பட்டவன் பிழைத்தான். இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் மார்கழியில் சுனாமி வந்தது. கடல் தண்ணீர் உப்பளத்துக்குள் புகுந்து வரப்பையெல்லாம் தின்றுவிட்டுப் போனது. அதற்குப் பிறகு எங்கள் பக்கத்தில் யார் இருமினாலும், "சேத்துத் தண்ணி குடிச்சிட்டான்" என்று சொல்லிவிடுவார்கள். கலியபெருமாளும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிந்தான். உடம்பு உருகி, சட்டை தொளதொளவென்று ஆனபோது சாலம்மாள் அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ச் சளியைச் சோதிக்க வைத்தாள். டிபிதான்.

இரண்டு மாதம் அவன் அவள் கண்முன்னால் முழுங்கினான். ஜான்சனுக்கு நடந்தது தெரியும் என்பதால் எல்லோரும் சாப்பிட்டுப் போன பிறகு கடைசியாகத்தான் வருவான். அக்காளும் அதற்கு ஒத்துக்கொண்டாள். மறுபடி சளியைப் பார்த்தார்கள். கிருமி இல்லை என்று வந்தது. இனி வாரத்துக்கு ஒரு அட்டை. முதல் வேளையை இங்கே முழுங்கிவிட்டு, மற்றதை வீட்டில் முழுங்கிவிட்டு, காலி அட்டையைக் கொண்டுவந்து காட்ட வேண்டும். அவனும் வாராவாரம் ஒழுங்காகக் காட்டினான். அக்காள் திருப்பித் திருப்பிப் பார்த்து அட்டையை அடுப்பில் போடுவாள்.

இந்த நேரத்தில்தான் தைம் வந்தது. கலியபெருமாள் மகள் நிவேதா குயிலாப்பாளையத்தில் ஒரு கெஸ்ட் ஹவுஸில் சமையல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தாள். அம்மா இல்லாத பெண். அப்பாதான் அவளுக்கு எல்லாம். அங்கே தோட்டத்தில் வெள்ளைக்காரர் சமையலுக்கு என்று தொட்டியில் வளர்க்கிற செடி தைம். முழங்கால் உயரம்கூட வராது. இலை துவரம்பருப்பைவிடச் சின்னது. கசக்கி மோந்தால் ஓமத்தண்ணீர் வாசனை அடிக்கும். ஒரு பிடி இலையை வெந்நீரில் போட்டு, ஆவி போகாமல் தட்டால் மூடி வைத்து, வடிகட்டித் தேன்விட்டுக் குடித்தால் சளி இளகும், இருமல் தணியும் என்று அந்த வீட்டு மேடம் சொல்லியிருக்கிறாள். நிவேதா ஒரு கிளையைக் கொண்டுவந்து உடைந்த பிளாஸ்டிக் வாளியில் நட்டாள். எங்கள் உப்புக் காற்றுக்கு அது கருகப் பார்த்தது. பழைய புடவையைக் கட்டி நிழல் கொடுத்து, நல்ல தண்ணீர் ஊற்றி, பிள்ளை வளர்ப்பதுபோல வளர்த்தாள். போதாததற்குத் தினமும் வேலையிலிருந்து வரும்போது ஒரு பொட்டலம் இலை கொண்டுவருவாள்.

நான் பொய் சொல்ல மாட்டேன். எனக்குச் சளி பிடித்தபோது நானும் வாங்கிக் குடித்தேன். நெஞ்சில் கட்டியிருந்தது கரைந்து வந்தது, ராத்திரி தூங்கினேன். செடிமேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. இருமலுக்கு இதமான செடி அது. அந்த வேலையை அது ஒழுங்காகச் செய்தது. அதனால் ஆகாத வேலையை அதன் தலையில் கட்டியது மனுஷர்கள்.

கலியபெருமாள் காலையும் சாயங்காலமும் தைம் டீ குடித்தான். ஆவியும் பிடித்தான். இருமல் அடங்கிவிட்டது. "வெள்ளக்கார ஓமம், நெஞ்ச அப்படியே கழுவி வுட்டுடுச்சி மேரியக்கா" என்று என்னிடம் வாசலில் நின்று பெருமையடித்தான். எல்லோர் முன்னாலும் குடித்தான். அதை மறைக்க வேண்டிய அவசியம் அவனுக்கு இல்லை. மேஸ்திரிகூட ஒருநாள் ஒரு டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, நல்ல வாசனை என்றாராம்.

வைகாசி வெயிலில் உப்பு நன்றாக விளைந்தது. எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. வேலை முடிந்து கடைக்கு வருகிறவர்கள் ஆளுக்கு ஒரு பிடி உப்பைச் சாலம்மாள் பானையில் போட்டுவிட்டுத்தான் உட்காருவார்கள். யார் ஆரம்பித்ததோ தெரியாது. அவள் காசு கொடுத்து உப்பு வாங்கிச் சமைத்ததே கிடையாது. ஒருநாள் சாம்பாருக்குக் கையை விட்டு அள்ளியவள், கையைப் பார்த்துக்கொண்டே நின்றுவிட்டாள். ஒரு கட்டி உப்பு ரோஜாப்பூ நிறத்தில் இருந்தது.

"எவன்டா வெத்தல எச்சியோட போட்டது" என்று கத்தினாள்.

பெஞ்சில் இருந்த ஒருத்தன், "அது எச்சிதான்க்கா. நாலஞ்சி நாளா தெக்கால பாத்தி மூலையில அப்படித்தான் வருது. மேஸ்திரி எங்க எல்லாரையும் திட்டிட்டு ஒதுக்கிக் கொட்டச் சொன்னாரு. இது எப்படியோ கலந்துடுச்சி" என்றான்.

அவள் கட்டியைக் கல்லில் வைத்து உடைத்தாள். உள்ளே பாதி கரைந்த சிவப்பு மாத்திரை ஒன்று உப்புக்குள் ஒட்டிக்கொண்டிருந்தது. அவளுக்கு அந்த மாத்திரையை நன்றாகத் தெரியும். தெற்குப் பாத்தியில் யார் வேலை செய்கிறான் என்பதும் தெரியும். பெஞ்சில் இருந்தவர்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முந்தானையில் அதை முடிந்துகொண்டு, டீ குடிக்க வந்திருந்த என்னை அடுப்பைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு நடந்தாள். அவள் கத்தாமல் போனதுதான் எனக்குப் பயமாக இருந்தது. அடுப்பை இன்னொருத்தி தலையில் கட்டிவிட்டு நானும் பின்னால் ஓடினேன்.

கலியபெருமாள் அப்போதுதான் குளித்துவிட்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். கையில் தைம் டீ. நிவேதாவுக்கு அன்றைக்கு லீவு. சாலம்மாள் முடிச்சை அவிழ்த்து அவன்முன் நீட்டினாள்.

"இது இன்னாடா?"

அவன் பார்த்தான். டம்ளரைக் கீழே வைத்தான்.

"வாராவாரம் காலி அட்டையக் கொண்டாந்து எங்கிட்ட காட்னியே, நான் கூட திருப்பித் திருப்பிப் பாத்தனே. எத்தினி மாத்திரையடா பாத்தியில போட்ட?"

"உப்புத் தண்ணிதான, கரைஞ்சிடும்னு நெனச்சேன்க்கா" என்றான்.

உப்பிலேயே பிறந்து வளர்ந்தவன். இரும்புச் சங்கிலியையும் தின்றுவிடுகிற தண்ணீர், ஒரு மாத்திரையைத் தின்னாதா என்று நினைத்திருக்கிறான். விளைகிற உப்பு அதைச் சுற்றி வளைத்துப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்று தோன்றவில்லை. சாலம்மாள் அதற்குப் பிறகுதான் வாயைத் திறந்தாள். அவள் திட்டியதை எல்லாம் எழுத முடியாது. கடைசியில் அந்த வாளியை ஒரு உதை விட்டாள். செடி வேரோடு வந்து மண்ணில் விழுந்தது. நிவேதா ஓடிவந்து அதை எடுத்தாள்.

"செடிய ஏன் அத்த ஒதைக்கிற. மேடம் இருமலுக்குத்தான் குடுத்தாங்க. ரெண்டு வாரத்துல நிக்கலன்னா டாக்டர்கிட்ட காட்டுன்னும் சொன்னாங்க. அப்பாவுக்கு டிபின்னு நான் அவங்ககிட்ட சொல்லவே இல்ல. சொன்னா என்ன சமையக்கட்டுல விடுவாங்களா?"

"நீயும் மறைச்ச. இவனும் மறைச்சான். நல்ல குடும்பம்டி."

"அப்பா மாத்திர போடலன்னு எனக்குத் தெரியாது அத்த."

அவள் சொன்னது உண்மை. முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது. சாலம்மாள் தம்பி பக்கம் திரும்பினாள். ஏன் என்று கேட்டாள். ஒரே வார்த்தைதான் கேட்டாள்.

"நான் எங்கக்கா போயி ஒதுங்குவேன்?" என்றான் கலியபெருமாள். "ஜான்சன அர்ச்சுனன் எப்படி வெளிய நிறுத்துனாருன்னு நீயும் பாத்த. எனக்கு உப்பு வார்றதத் தவிர இன்னா தெரியும்? மொதல் ரெண்டு மாசம் மாத்திர போட்ட அன்னிக்கெல்லாம் வயித்த முட்டும். வேல முடிஞ்சி வூடு வர்ற வரைக்கும் அடக்கிக்கினு நின்னேன். நீர்க்கடுப்பு வந்து சுருண்டு சுருண்டு படுத்தேன். இருமலும் நின்னுபோச்சி. டீ குடிச்சா நல்லாத்தான் இருக்குது. அப்புறம் எதுக்குன்னு..."

தம்பியைத் திட்ட வந்தவளுக்கு, திட்ட வேண்டிய ஆள் அவன் இல்லை என்று தெரிந்துபோனது. எனக்கு அப்போதே உப்பளத்துக்குப் போய் அர்ச்சுனன் சட்டையைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. போயிருந்தால் கலியபெருமாளின் வேலை அந்த நிமிஷமே போயிருக்கும். இப்படிப்பட்ட கோபத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

மறுபடி சளியைப் பார்த்தார்கள். கிருமி இருந்தது, முன்னைவிட அதிகமாக இருந்தது. பாதியில் விட்டால் அது மருந்துக்குப் பழகிக்கொண்டு முறைத்துக்கொள்ளும் என்று டாக்டர் சொன்னார். தைம் டீயைக் குடிக்கலாமா என்று நிவேதா கேட்டதற்கு, "தாராளமா குடிக்கட்டும்மா, தொண்டைக்கு நல்லது. கிருமியக் கொல்ல மாத்திரைதான் வேணும்" என்றார். திட்டவில்லை. இன்னும் நீளமான மருந்து எழுதிக் கொடுத்தார். கூடவே ஊசி. இந்தத் தடவை சாலம்மாள் ஒன்றையும் அவன் கையில் கொடுக்கவில்லை. ஊசிக்கும் அவளே கூட்டிக்கொண்டு போனாள். உப்பள வேலையை அவனாகவே விட்டான். காரணம் கேட்டவர்களிடம் முதுகுவலி என்றான். அதையும் மறைத்தான் பாருங்கள், அந்த நிலைமையிலும்.

ஆடி முடிவதற்குள் எலும்பும் தோலுமாகிவிட்டான். ஒருநாள் காலையில் என் வீட்டுத் திண்ணையைத் தாண்டிப் போனவன் ரோட்டோரம் குந்தி வாந்தி எடுத்தான். வாந்தி இல்லை, ரத்தம். ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போனோம். சாலம்மாள் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வழி முழுக்க அவனைத் திட்டிக்கொண்டே வந்தாள். திட்டுவதை நிறுத்தினால் அவன் போய்விடுவான் என்று நினைத்தாளோ என்னவோ. ஆஸ்பத்திரி வாசலில் இறக்கும்போது உயிர் இல்லை. நாற்பது வயசுகூட ஆகவில்லை அவனுக்கு.

சாவுக்கு உப்பளமே வந்தது. மேஸ்திரி அர்ச்சுனன் பெரிய மாலையோடு வந்தார். "மாரடைப்புன்னாங்களே" என்று யாரிடமோ விசாரித்துக்கொண்டிருந்தார். அப்போது சாலம்மாள் எழுந்து நின்று, பந்தலில் இருந்த எல்லோருக்கும் கேட்கிற மாதிரிச் சொன்னாள்: "மாரடைப்பு இல்ல. எந்தம்பி டிபியில செத்தான். மாத்திர இருந்தும் செத்தான்." மேஸ்திரி மாலையைப் போட்டுவிட்டுப் பின்னால் போய் நின்றார். சிலர் எழுந்து தள்ளி உட்கார்ந்தார்கள். செத்தவனிடமிருந்து தள்ளி உட்கார்கிறார்கள், தூ. எனக்கு அவர்கள் ஒவ்வொருத்தர் பேரும் தெரியும், எழுதவில்லை.

நிவேதாவையும் சோதித்தார்கள். அவளுக்கு ஒன்றுமில்லை. அத்தையோடு வந்து இருந்துகொண்டாள். குயிலாப்பாளையத்து மேடமிடம் நடந்ததை எல்லாம் சொன்னாள். அந்த அம்மா வேலையை விட்டு நிறுத்தவில்லை. முதலிலேயே சொல்லியிருக்கக் கூடாதா என்று மட்டும் கேட்டாளாம். அதைக் கேட்டு அந்தப் பெண் அழுதது கொஞ்சநஞ்சமில்லை.

மழை முடிந்து, இரண்டாயிரத்து ஆறில் உப்பளத்தில் மறுபடி வேலை தொடங்கியது. சாலம்மாளும் கடையைத் திறந்தாள். குரல் முன்போலத்தான் இருந்தது. ஒருநாள் காலை கூட்டம் போன பிறகு நான் உள்ளே உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தேன். பின்பக்கத் தட்டியை ஒதுக்கிக்கொண்டு அர்ச்சுனன் வந்தார். வேட்டியை இடுப்பில் இறுக்கி இறுக்கிக் கட்டியிருந்தார், அவ்வளவு மெலிந்துபோயிருந்தார். வாயில் வெற்றிலை இல்லை. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டு இருமினார்.

"ஆய்வாளரு சொல்லியிருப்பாரு" என்றார் தரையைப் பார்த்துக்கொண்டு.

ஆய்வாளர் முந்தின நாளே புது டப்பாவைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். எனக்கு அவள் சொல்லவே இல்லை. என் உடம்பெல்லாம் எரிந்தது. நானாக இருந்தால் அந்த டப்பாவைத் தூக்கி ரோட்டில் எறிந்து, வந்து பொறுக்கிக்கொண்டு போ என்று சொல்லியிருப்பேன். இல்லையென்றால் நாளைக்குக் காலை எல்லோரும் இருக்கும்போது முன்பக்கமாக வந்து முழுங்கு என்றாவது சொல்லியிருப்பேன்.

"நான் இப்படிப் பின்னாலயே வந்துட்றேம்மா" என்றார் மேஸ்திரி. "ஆளுங்களுக்குத் தெரிஞ்சா நாளைக்கு என் பேச்ச எவன் கேப்பான்?"

சாலம்மாள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது வெடிக்கப் போகிறாள் என்று நான் காத்திருந்தேன். அவள் ஒரு தட்டை எடுத்து நாலு இட்லி வைத்தாள்.

"வெறும் வயித்துல போடக் கூடாது. சாப்புடுங்க" என்றாள்.

அவர் தரையில் உட்கார்ந்து சாப்பிட்டார். அவள் மாத்திரைகளைப் பிரித்துச் சொம்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றாள். அந்தச் சின்ன இடத்தில் அவர் மெல்லுகிற சத்தம் மட்டும் கேட்டது. அது அவருக்கே பொறுக்கவில்லை போலும், தலையைத் தூக்கினார்.

"கலியபெருமாளு எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லியிருந்தா, நான் ஒண்ணும் பண்ணியிருக்க மாட்டேம்மா."

"பொய்" என்றாள் சாலம்மாள். குரலை உயர்த்தவே இல்லை. மாத்திரையை அவர் உள்ளங்கையில் வைத்தாள். அவர் முழுங்கும் வரைக்கும் நின்று பார்த்தாள்.

"வாயத் தொறங்க மேஸ்திரி. நாக்கத் தூக்குங்க."